சம்பந்திகள் நடந்து பார்த்த வீடு

அலுவலகத்தில் எல்லோரும் அவளை டெய்லரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் தையல் மெஷினைத் தொட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது. இப்போது செய்வது வீட்டுப் பிளான் வரைகிற வேலை. ஆனாலும் ஒட்டிய பெயர் ஒட்டியதுதான்.

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பதினாறு வருடம் தையற்கடை வைத்திருந்தவள் அவள். மாடியில் வீடு வடிவமைக்கிற அலுவலகம். அதை நடத்துகிறவரை எல்லோரும் மேடம் என்பார்கள். அவருக்கும் டெய்லரம்மாவுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஒருநாள் கோட்டுக்குப் பட்டன் வைத்துக்கொள்ளக் கீழே வந்த மேடம், மேஜைமேல் பரப்பிக் கிடந்த காகித வெட்டுகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கை, காலர் என்று தனித்தனிக் காகிதங்கள்.

"இதுவும் பிளான்தானே!" என்றார் மேடம்.

"ஆமா மேடம். தட்டையா கிடக்கிறதை ஆள் நுழையிற மாதிரி நிமிர்த்தணும். அவ்வளவுதான் வித்தியாசம்."

மேடம் சிரித்துவிட்டுப் போய்விட்டார். டெய்லரம்மாவுக்குத்தான் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. மாடியில் பிளான் வரைந்துகொண்டிருந்த ஆள் வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டதும், மறுநாளே படியேறிப் போய், "நான் வரட்டுமா? கம்ப்யூட்டர்தான் தெரியாது. கத்துக்கிறேன்" என்று நின்றாள். கடையை, கூட வேலை பார்த்தவளிடம் ஒப்படைத்தாள். நாலு மாதம் நாக்கைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி கோடு இழுக்கக் கற்றுக்கொண்டாள். நாற்பது வயதில் புது வேலை. "உனக்கு என்ன பைத்தியமா?" என்று அக்காள்காரி கேட்டாள். புருஷன் மட்டும், "போயேன், நல்லாத்தான் இருக்கும்" என்றான்.

மேடம் கடல் கடந்து போய்ப் படித்து, அங்கேயே பத்து வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். நல்ல மனுஷி. வேலையில் மகா கறார். வீடு கட்ட வருகிறவர்களிடம் முதல் நாளே ஒரு படிவத்தைக் கொடுப்பார். அதில் நாற்பத்திரண்டு கேள்விகள். 'எந்த அறையில் அதிக நேரம் செலவிடுவீர்கள்?', 'உங்களுக்குத் தனிமை எவ்வளவு முக்கியம்?' என்று வரிசையாக இருக்கும். பதில்களை வைத்துப் பிளான் போட்டு, எல்லோரையும் உட்கார வைத்து விளக்கி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவார். "பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க, நான் வருத்தப்பட மாட்டேன்" என்பது அவர் வாயில் ஓயாத வாக்கியம். அவர் படித்த ஊரில் அப்படித்தான். அங்கே வாய் என்ன சொல்கிறதோ அதுதான் மனது. கையெழுத்து விழுந்தால் விழுந்ததுதான்.

இந்தப் படிவத்தோடு முட்டிக்கொண்டு நின்றது ஒரு குடும்பம். அது வந்து சேர்ந்த கதைதான் இது.

ஒரு இளம் ஜோடி. பையன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். பெண் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி ஒன்றரை வருடம், பெண்ணுக்கு நாலாவது மாதம். பையனுக்கு அப்பா இல்லை, பெண்ணுக்கு அம்மா இல்லை. பிள்ளை பிறப்பதற்குள் ஒரு வீடு கட்டி, அவன் அம்மாவையும் அவள் அப்பாவையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

பையனின் அம்மா கடற்கரைக்காரி. முப்பது வருடம் மீன் ஏலம் கூவியவர். அலைச் சத்தத்தையும் காற்றையும் தாண்டிக் கூவிக் கூவி, காதோடு ரகசியம் சொன்னால்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஊரே ஏலக்காரம்மா என்றது. பெண்ணின் அப்பா மலைக்காரர். மலையுச்சியில் இருந்த வானிலை நிலையத்தில் மழையையும் காற்றையும் அளந்து எழுதிவைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பேசுவது, பேசி முடித்த பிறகுதான் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியும்.

படிவம் இரண்டு பேரிடமிருந்தும் திரும்பி வந்தது. வானிலைக்காரர் நாற்பத்திரண்டு கேள்விக்கும் முத்து முத்தான கையெழுத்தில் ஒரே பதிலை எழுதியிருந்தார்: 'தங்கள் விருப்பப்படி.' ஏலக்காரம்மா ஒரு கேள்விக்கும் பதில் எழுதவில்லை. நேரில் வந்து கேள்விகளோடு சண்டை பிடித்தார்.

"'தனிமை எவ்வளவு முக்கியம்'னு கேட்டிருக்கீங்களே, எனக்கு என்ன தொத்து வியாதியா? என்னை எதுக்குத் தனியா வைக்கணும்?"

மேடம் அசரவில்லை. பெண்ணும் பையனும் சொன்னதை வைத்து ஒரு பிளான் தயார் செய்தார். டெய்லரம்மா அதைக் கண்ணும் கருத்துமாக வரைந்தாள். நாலு பேரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். மேடம் பிளானை மேஜைமேல் விரித்தார்.

விரித்த கையை எடுப்பதற்குள் ஏலக்காரம்மா ஆரம்பித்துவிட்டார்.

"இது என்ன, அடுப்படியைக் கொண்டுபோய் மூலையில ஒளிச்சு வச்சிருக்கீங்க? நாங்க சோறாக்குறோமா, திருட்டுச் சாமான் செய்யிறோமா? இந்தச் சுவர் எதுக்கு? அந்தச் சுவர் எதுக்கு? காத்து எந்த வழியா வரும், டிக்கெட் வாங்கிட்டா வரும்?"

மேஜைமேல் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்து, டெய்லரம்மா இரண்டு வாரம் வரைந்த கோடுகளின் குறுக்கே சரக் சரக்கென்று இழுத்தார். டெய்லரம்மாவுக்குப் புதுத் துணியில் பிளேடு போட்ட மாதிரி இருந்தது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிவப்புப் பேனா ஓடவில்லை. மாடியில் கிழக்குப் பார்த்த பெரிய அறை. இரண்டு பக்கம் ஜன்னல், தனிக் குளியலறை, நின்று வேடிக்கை பார்க்க ஒரு பால்கனி.

"இது சம்பந்திக்கு!" என்று ஏலக்காரம்மா விரலால் தட்டிக் காட்டினார். "வீட்லயே நல்ல ரூம் அவருக்குத்தான். இதை நான்தான் சொன்னேன். என் பேச்சு இது."

எல்லோரும் வானிலைக்காரரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். பிளானின் ஓரத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"பேப்பர் ரொம்ப நல்ல பேப்பருங்க" என்றார்.

"ரூம் எப்படி இருக்கு?" என்று மேடம் கேட்டார்.

"எல்லாம் சரிங்க. சம்பந்தியம்மாவுக்குப் பெரிய மனசு."

கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார். அதுவும் முத்து முத்தாக இருந்தது. பெண் மட்டும் மெதுவாக, "இன்னொரு தடவை பார்த்துக்கலாமா, மேடம்?" என்றாள். அதற்குள் ஏலக்காரம்மா பிளானில் இருந்த மாடிப்படியைக் குறை சொல்லப் பாய்ந்துவிட்டதால் அந்தக் கேள்வி யார் காதிலும் விழவில்லை.

அவர்கள் போனதும் மேடம் நோட்டில் எழுதினார்: பெண்ணின் அப்பாவுக்கு முழுத் திருப்தி; பையனின் அம்மாவுக்கு எதுவுமே பிடிக்கவில்லை.

அப்புறம் ஒரு மாதம் மேடமும் டெய்லரம்மாவும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சமையலறையை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றினார்கள். ஜன்னல்களைப் பெரிதாக்கினார்கள். இரண்டாவது பிளான், மூன்றாவது பிளான், நாலாவது பிளான் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஏலக்காரம்மா போன தடவையைவிடச் சத்தமாகச் சண்டை போட்டார். வானிலைக்காரர் ஒவ்வொரு தடவையும் எதையாவது பாராட்டினார். ஒருமுறை பிரிண்டின் மை பளிச்சென்று இருக்கிறது என்றார். இன்னொரு முறை எழுத்து திருத்தமாக இருக்கிறது என்றார்.

நாலாவது கூட்டம் முடிந்ததும் மேடம் சோர்ந்துபோய் நாற்காலியில் சாய்ந்தார்.

"அந்த அம்மாவுக்கு என்னைப் பிடிக்கலை. வேற யார்கிட்டயாவது போகச் சொல்லிடலாம்."

டெய்லரம்மாவுக்கும் அப்படித்தான் பட்டது. அவளுக்கு அந்த அம்மாளைக் கண்டாலே உதறல். சிவப்புப் பேனாக்களை எல்லாம் டிராயருக்குள் போட்டுப் பூட்டிவைக்கத் தொடங்கியிருந்தாள்.

அன்று மாலை பிரிண்ட் வாங்க வந்த பையனிடம் மேடம் விஷயத்தை நாசூக்காகச் சொன்னார். அவன் திகைத்துப்போனான்.

"ஐயோ மேடம்! எங்கம்மா வீட்ல உங்க புராணம்தான் பாடுறாங்க. இந்த மாதிரி ஒரு பொம்பளை கிடைக்க நாம கொடுத்து வச்சிருக்கணும்னு தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க."

"திட்டிக்கிட்டே இருந்தாங்களே!"

"ஏலத்துல நல்ல மீனுக்குத்தான் மேடம் சண்டை வரும். பிடிக்காத மீனை எங்கம்மா ஏறெடுத்தும் பார்க்க மாட்டாங்க. வாயைத் திறக்காம தாண்டிப் போயிடுவாங்க. எங்க ஆளுங்க எல்லாருமே அப்படித்தான். அவங்க சண்டை போடுறதை நிறுத்தினா, அப்பப் பயப்படுங்க."

மேடம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மாதமாக அந்த அம்மாள் சுவர் சுவராகக் கைவைத்து, இங்கே காலண்டர் மாட்டுவேன், அங்கே வாளி வைப்பேன் என்று கத்தியதெல்லாம் நினைவுக்கு வந்தது. பிடிக்காத வீட்டில் யாராவது வாளி வைக்க இடம் பார்ப்பார்களா? அந்த அம்மாள் என்றைக்கோ குடியேறிவிட்டார்!

சிரித்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று வேறொன்று உறைத்தது. கத்துவது சந்தோஷம் என்றால், அந்த இன்னொருவரின் 'எல்லாம் சரிங்க' எதில் சேர்த்தி?

தையற்கடையில் இப்படிச் சிலரை அவள் பார்த்திருக்கிறாள். தைத்ததைப் போட்டுப் பார்ப்பார்கள். கண்ணாடி முன்னால் நின்று, "துணி நல்ல துணிம்மா" என்பார்கள். துணி அவர்களே கொண்டுவந்து கொடுத்தது! தையலைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அப்படி யாராவது துணியைப் பாராட்டினால், அக்குளில் பிடிக்கிறது என்று அர்த்தம். கழற்றிக் கொடுங்கள் என்று வாங்கி, கேட்காமலேயே பிரித்துத் தைத்துக் கொடுப்பாள்.

'பேப்பர் ரொம்ப நல்ல பேப்பருங்க.'

மறுநாள் பெண்ணிடமிருந்து போன் வந்தது. புதுப் பிரிண்டை அப்பாவிடம் கொடுக்க வேண்டுமாம். "நானே கொண்டுபோகலாம்... ஆனா நீங்க போக முடியுமாக்கா? அப்பா நாலு மணிக்கு டீ போடுவார். அந்த நேரம் போனீங்கன்னா நல்லா இருக்கும்." இத்தனை பேச்சுக்கும் என்ன அவசியம் என்று யோசித்துக்கொண்டே டெய்லரம்மா சரி என்றாள்.

நாலு மணிக்குப் போனாள். சந்துக்குள் ஒரு சின்ன வாடகை வீடு. முன்னறையில் மூன்று நாற்காலிகள், உறை கலையாமல், கடையில் வைத்த மாதிரி இருந்தன. காலையில் வந்த பேப்பர்கூட அங்கே இல்லை. வானிலைக்காரர் அவளை நேராக உள்ளே, சமையலறைக்கு அழைத்துப் போனார். அங்கேதான் இருந்தது எல்லாம். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு குட்டை நாற்காலி. கைக்கெட்டும் தூரத்தில் ரேடியோ, பிரித்த பேப்பர், மூக்குக் கண்ணாடி. கதவின் பின்னால் அவர் சட்டை. மாவு டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் நடுவில், மழையளவு எழுதுகிற நோட்டு. மனிதரின் மொத்த வாழ்க்கையும் ஆறடிக்கு எட்டடியில் அடுப்புச் சூட்டில் உட்கார்ந்திருந்தது.

"மலையில எல்லா வீடும் இப்படித்தாங்க" என்றார், அவள் பார்ப்பதைப் பார்த்து. "குளிருக்கு அடுப்பைச் சுத்தித்தான் உக்காருவோம். வந்தவங்களையும் அங்கேதான் உக்கார வைப்போம். பழகிப்போச்சு."

டீ குடித்தபடி பிளானை விரித்துப் பார்த்தார். "மடிப்பு கலையாம கொண்டுவந்திருக்கீங்க" என்று பாராட்டினார்.

"மாடி ரூமுக்கு..." என்று டெய்லரம்மா ஆரம்பித்தாள்.

"பதினெட்டுப் படி போட்டிருக்கீங்க" என்றார் அவர். அவ்வளவுதான். படியை எண்ணியிருக்கிறார்.

தெருவுக்கு வந்ததும் டெய்லரம்மா பெண்ணுக்குப் போன் செய்தாள். "உனக்குத் தெரியும்தானே?"

பதில் படபடவென்று வந்தது. "தெரியும்கா. அத்தை ஆசையா கொடுத்த ரூம். வேண்டாம்னு நான் சொன்னா, அப்பாவே மறைவா புகார் சொல்லி அனுப்பின மாதிரி ஆயிடும். அப்பாவுக்கு அது அவமானம். எங்க ஊர்ல யாரும் முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்ல மாட்டோம். அவர் வாயாலதான் வரணும். ஆனா வராது. அதான் உங்களை அனுப்பினேன்."

மேடம் இதைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். "கையெழுத்துப் போட்டிருக்காரே! நாலு பக்கத்துலயும்!"

"அது மரியாதைக்குப் போட்டது மேடம்."

"சரி, நான் நேராவே கேட்டுடறேன்."

"கேட்டா 'எல்லாம் சரிங்க'ன்னுதான் வரும். போட்டுப் பார்க்காம எந்தச் சட்டையும் முடியாது மேடம். அவரை அந்த வீட்ல நடக்க விட்டுப் பார்க்கணும்."

"இன்னும் கட்டாத வீட்ல எப்படி நடக்கிறது?"

அன்று சாயங்காலம் டெய்லரம்மாவின் புருஷன் பேண்ட் முட்டி வரை வெள்ளையாக வீட்டுக்கு வந்தான். அவன் விளையாட்டு மைதானத்தைப் பராமரிக்கிறவன். ஓட்டப்பந்தயத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிற சக்கர வண்டி அவன் பொறுப்பு. அந்தப் பேண்ட்டைப் பார்த்ததும் அவளுக்குப் பொறி தட்டியது.

"ஒரு வீடு போட முடியுமா?"

"என்னது?"

"சுண்ணாம்புல. தரையில. சுவர் இருக்கிற இடமெல்லாம் கோடு, வாசல் இருக்கிற இடம் இடைவெளி."

அவன் கையைக் கழுவிக்கொண்டே அலட்டிக்கொண்டான். "நானூறு மீட்டர் ஓடுபாதையையே வளைவு பிசகாம போட்டவன் நான். அந்தச் சம்பந்திங்களோட அடுப்படியைப் போட மாட்டேனா? ஞாயித்துக்கிழமை வண்டி சும்மாதான் நிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலை, வீடு கட்டப்போகிற காலி மனையில் மூன்று பேரும் இறங்கினார்கள். டெய்லரம்மா டேப்பைப் பிடித்தாள், மேடம் பிளானைப் பார்த்து அளவு சொன்னார், புருஷன் நாக்கைத் துருத்திக்கொண்டு வண்டியைத் தள்ளினான். கீழ்த்தளம் ஒன்பது மணிக்குள் தயாராகிவிட்டது. மாடியை என்ன செய்வது? பக்கத்துக் காலி மனையில் மாடியைப் போட்டு, இரண்டுக்கும் நடுவே பதினெட்டுப் படிக்கும் பதினெட்டுக் கோடு போட்டார்கள். தெருவில் போகிறவர்கள் எல்லாம் என்ன விளையாட்டு இது என்று நின்று பார்த்தார்கள்.

குடும்பம் வந்து இறங்கியது. மேடம் விளக்கினார். "இன்னிக்கு நான் எதுவும் கேட்கப் போறதில்லை. நீங்க இந்த வீட்ல குடியிருக்கீங்க. இப்பக் காலையில எழுந்திருக்கீங்க. வழக்கமா என்ன செய்வீங்களோ, அதைச் செய்யுங்க. அவ்வளவுதான்."

ஏலக்காரம்மாவுக்குச் சொல்லவே வேண்டாம். தன் அறையிலிருந்து புறப்பட்டு, சுவருக்குக் குறுக்கே நேராக நடந்து சமையலறைக்குப் போனார். அங்கிருந்து இன்னொரு சுவரைத் தாண்டி ஹாலுக்கு வந்தார்.

"அம்மா, அது சுவரு!" என்று டெய்லரம்மாவின் புருஷன் அலறினான். "கோடு அழியுது!"

"எந்தச் சுவரு? எனக்கு ஒண்ணும் தெரியலையே!" என்று சொல்லிக்கொண்டே அவர் மூன்றாவது சுவரையும் மிதித்தார். வாசல் என்று விட்ட இடைவெளி ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அந்தப் பக்கம் மாடியறையில் வானிலைக்காரர் நின்றிருந்தார். மடித்த பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். வாசல் இருக்கிற இடத்தில் வாசல் வழியாகவே திரும்பி, பதினெட்டுக் கோட்டையும் ஒவ்வொன்றாக மிதித்து இறங்கினார். ஹாலைக் கடந்தார். மேடம் ஆசை ஆசையாக வரைந்த சோபாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே சமையலறைக்குள் போய் நின்றார். அங்கே அடுப்பு மேடை இருந்தது, அலமாரி இருந்தது, உட்கார இடமில்லை. இரண்டு அடி பின்னால் போய், ஒரு மூலையில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டார். இல்லாத சுவரில் அவர் சாய்ந்து நின்றதைப் பார்த்து மேடம் கையிலிருந்த பிளானை மடித்துவிட்டார்.

ஏலக்காரம்மா நாலாவது சுவர் வழியாக உள்ளே நுழைந்தார்.

"ஏன் சம்பந்தி இங்கே நெருக்கிக்கிட்டு நிக்கிறீங்க? ஹால் அவ்வளவு பெரிசா கிடக்கு. போய்க் காத்தாட உக்காருங்க."

"இங்கேயே சரிங்க."

"இங்கே இடமே இல்லையே! வாங்க, நான் கொண்டுபோய் உக்கார வைக்கிறேன்."

"வேண்டாம்ங்க" என்றார் வானிலைக்காரர். "ஹால் வேண்டாம்ங்க. மாடியும் வேண்டாம்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. முகம் சிவந்துவிட்டது. பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏலக்காரம்மா இடுப்பில் கைவைத்து அவரைப் பார்த்தார். அப்புறம் அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"அப்படிச் சொல்லுங்க சம்பந்தி! ஒன்றரை வருஷமா உங்ககிட்ட ஒரு 'வேண்டாம்' வாங்க நான் பட்ட பாடு! எதைக் கேட்டாலும் சரி சரின்னா நான் என்ன நினைக்கிறது? எங்களை மனுஷங்களாவே மதிக்கலைன்னு நினைச்சேன். சண்டைக்கே லாயக்கில்லாத ஆளுங்கன்னு ஒதுக்கி வச்சிருக்கீங்களோன்னு எத்தனை நாள் என் பையன்கிட்ட அழுதிருக்கேன் தெரியுமா? அதான் நல்ல ரூமா கொடுத்தாவது உங்களைச் சந்தோஷப்படுத்தலாம்னு பார்த்தேன்."

"ஐயையோ" என்றார் வானிலைக்காரர். "மதிப்பு இருக்கப்போய்த்தாங்க நான் வாயே திறக்கலை."

"நல்லா மதிச்சீங்க! சரி, இப்பச் சொல்லுங்க. இந்த அடுப்படியில உங்களுக்கு எவ்வளவு இடம் வேணும்?"

அவர் தயங்கினார். "ஒரு மூணடி கிடைச்சாப் போதும்ங்க. ஒரு நாற்காலி போட."

"மூணடியா? பேரப்பிள்ளையை எங்கே உக்கார வைப்பீங்க, தலைமேலயா? அஞ்சடி!"

"அஞ்சு அதிகம்ங்க. உங்களுக்குச் சமைக்க இடைஞ்சலா இருக்கும். மூணே கால்."

"நாலே முக்கால்!"

"மூணரை."

ஏலக்காரம்மாவின் கண்ணில் பழைய மீன்சந்தை வந்து உட்கார்ந்துவிட்டது. கையை உயர்த்தினார். "நாலு! நாலடி நீளம், பெஞ்சாவே சுவரோட சேர்த்துக் கட்டிடறது. ஒரு தரம்... ரெண்டு தரம்..."

தெருவில் நின்றிருந்த யாரோ, "மூணு தரம்!" என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். வானிலைக்காரர் சிரித்தார். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து டெய்லரம்மா அதற்கு முன் பார்த்ததில்லை.

மேடம் அதற்குள் தரையில் மண்டியிட்டுவிட்டார். நல்ல கறுப்புப் பேண்ட் முழுக்கச் சுண்ணாம்பு. ஏலக்காரம்மா மிதித்து மிதித்து அழித்த சுவர்களைக் கையாலேயே முழுசாகத் தேய்த்தார். "அழிஞ்ச சுவர் எதுவும் வேண்டாம். அடுப்படி மூலையில இருந்து நடுவுக்கு வருது. ஹாலும் அதுவும் ஒண்ணு." கீழே சமையலறையை ஒட்டி வானிலைக்காரருக்குச் சின்னதாக ஒரு படுக்கையறை. மாடியில் பெரிய அறை, கடற்கரையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் பத்துப் பேர் வந்து இறங்கினால் பாய் விரிக்க.

"ஒரே திறப்பா இருந்தா சாயங்காலம் குளிரும்ங்க" என்றார் வானிலைக்காரர். வாய் திறந்துகொண்டபின் இப்போது மூடுவதாக இல்லை.

"காத்து வரணும்!" என்றார் ஏலக்காரம்மா.

மேடம் ஒரு நிமிஷம் யோசித்தார். கடலும் மலையும் தலைக்கு மேலே வாதாடிக்கொண்டிருக்க, தரையில் ஒரு நெளிகோடு வரைந்தார். "மடக்குக் கதவு. இந்தச் சுவர்ல இருந்து அந்தச் சுவர் வரைக்கும். பகல்ல மடிச்சு ஓரமா தள்ளிடுங்க. சாயங்காலம் இழுத்து மூடிக்கோங்க. எத்தனை மணிக்கு மூடுறதுங்கிறதை நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டு முடிவு பண்ணிக்கோங்க."

"ஆறு மணிங்க" என்றார் அவர்.

"எட்டு!" என்றார் அவர் சம்பந்தி.

ஐந்தாவது பிளானை டெய்லரம்மா மூன்றே நாளில் வரைந்து முடித்தாள். தாளின் கீழ்மூலையில், வடிவமைத்தவர் என்ற கட்டத்தில், மேடம் தன் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரையும் முழுசாக அடித்திருந்தார். டெய்லரம்மா அதைப் பத்துத் தடவை பார்த்தாள். ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் புருஷனிடம் காட்டினாள். அவன் மேலும் கீழும் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான்.

"கோடு போட்டது யாரு? என் பேர் எங்கே?"

இதை அவள் சும்மா சிரிப்புக்காக மேடமிடம் சொன்னாள். மேடம் சிரிக்கவில்லை. நியாயம்தானே என்று அவன் பெயரையும் சேர்த்து, 'தரைக்கோடு' என்று எழுதிவிட்டார். அனுமதி வாங்கப் போன இடத்தில் அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "தரைக்கோடுன்னா என்ன பதவிங்க இது?" என்று கேட்டாராம். "ரொம்பப் பெரிய பதவி சார்" என்றிருக்கிறார் மேடம். முத்திரை விழுந்துவிட்டது.

பிள்ளை வீட்டை முந்திக்கொண்டு பிறந்துவிட்டது. பெண் குழந்தை, நல்ல குரல். யார் பக்கத்துக் குரல் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. குழந்தைக்கு மூன்றாம் மாதம் வீடு முடிந்து குடிபோனார்கள்.

ஒரு சனிக்கிழமை டெய்லரம்மாவும் மேடமும் பார்க்கப் போனார்கள். வெளிக்கதவு திறந்தே கிடந்தது. மணியை அடித்தும் யாரும் வரவில்லை. உள்ளே அத்தனை சத்தம். மாடியில் கடற்கரை உறவு ஏழெட்டுப் பேர் வந்து இறங்கியிருந்தார்கள். கீழே, சமையலறைப் பெஞ்சில், நாலடியில் மூன்றடியைக் குழந்தையின் துணிமணிகளும் கிலுகிலுப்பையும் பிடித்திருக்க, மிச்சமிருந்த ஒரு அடியில் வானிலைக்காரர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க வாங்க" என்று ஏலக்காரம்மா கரண்டியோடு திரும்பினார். "மேடம், நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த மனுஷனைக் கொஞ்சம் என்னன்னு கேளுங்க. எதுக்கெடுத்தாலும் வேண்டாம், வேண்டாம்! காலையில இருந்து ஆறு வேண்டாம் ஆச்சு. நான் எண்ணிட்டுத்தான் இருக்கேன்."

"ஏழுங்க" என்றார் வானிலைக்காரர், குழந்தையின் காதைப் பொத்தியபடி.

மேடம் உட்காரப் போனார். எந்த இடத்தில் உட்காருவது என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, ஹாலில் இருந்த நாற்காலியை இழுத்துக்கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். டெய்லரம்மா வெங்காயம் உரிக்க ஒரு கத்தியைத் தேடி எடுத்தாள். மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று கேட்டதற்கு ஏலக்காரம்மா, "வந்தவங்க எத்தனை பேரோ அத்தனை பேர்" என்றார். ஒருமுறை தலையெண்ணிப் பார்த்து, பதினாலு என்று மெதுவாகத் திருத்தினார் அவர் சம்பந்தி. குழந்தையைச் சேர்த்தால் பதினைந்து என்றார் அந்த அம்மாள். அது பால்தானே குடிக்கும் என்றார் இவர். இரண்டு பேரும் அதை விட்டுக்கொடுக்காமல் பேசி முடிப்பதற்குள் உலை கொதித்துவிட்டது.